நெல்லை வீடுகளுக்கு வைஃபை ரவுட்டர் வாங்குவது எப்படி: கடைக்குப் போகும் முன் அளக்க வேண்டியதும் கேட்க வேண்டியதும்

கடையில் போய் "நல்ல ரவுட்டரா ஒண்ணு கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டால், ஆண்டெனா அதிகமுள்ள பெட்டி ஒன்று கைக்கு வரும். வீட்டில் மாட்டினால் பட்டாசலில் பறக்கிற நெட் அடுக்களையில் படுத்துவிடும். குறை ரவுட்டரிலும் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. எந்தச் சுவரைத் தாண்ட வேண்டும், எந்த வயரிலிருந்து நெட் வருகிறது என்று பார்க்காமல் வாங்கியதுதான் குறை. புதிதாக நெட் போடுபவர்களும், "சிக்னல் பத்தல, பெரிய ரவுட்டர் வாங்கணும்" என்று யோசிப்பவர்களும் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதல் இரண்டு படிகளுக்குக் காசே ஆகாது. பல வீடுகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

1. குறை ரவுட்டரில்தானா என்று பாருங்கள்

ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கு ஓஎன்டி அல்லது ஓஎன்யு என்று பெயர். அதில் பான் (PON) என்ற விளக்கு பச்சையாக, அசையாமல் எரிய வேண்டும். எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. அப்போது எந்த ரவுட்டர் வாங்கினாலும் பயனில்லை. சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை வயரைப் பாருங்கள். ஆணியில் சுற்றி வைத்திருந்தாலோ, கதவிடுக்கில் நசுங்கியிருந்தாலோ அதுவே காரணமாக இருக்கலாம். வளைவு ஒரு தேநீர் டம்ளரின் வாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. வயர் நுனியைக் கழற்றி வாயால் ஊதுவது, விரலால் துடைப்பது எல்லாம் வேண்டாம். அதில் ஒட்டும் தூசி ஒளியைத் தடுக்கும்.

விளக்கு சரியாக இருந்தால், லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாக அந்தப் பெட்டியில் செருகி வேகத்தை அளங்கள். காலை 7 மணிக்கு ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை. மூன்றையும் தாளில் குறித்து வையுங்கள். காலையில் 100 எம்பிபிஎஸ் வந்து இரவு 9 மணிக்கு 20 என்றால், தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கிற நெரிசல் அது. நெட் கொடுப்பவரிடம் அந்தத் தாளைக் காட்டிப் பேச வேண்டிய விஷயம், ரவுட்டர் மாற்றித் தீராது.

இன்னொரு எண்ணை நினைவில் வையுங்கள்: 94. உங்கள் திட்டம் 150 அல்லது 200 எம்பிபிஎஸ், ஆனால் எத்தனை முறை அளந்தாலும் 93, 94, 95 என்றே நிற்கிறது என்றால் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் முட்டுக்கட்டை இருக்கிறது. ஒன்று, போர்ட் (கேபிள் செருகும் துளை) பழைய வகையாக இருக்கும். அல்லது கேபிளில் கோளாறு. லேன் கேபிள் நுனியில் உள்ள கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். உள்ளே 8 வண்ண வயர் வரிசையாக நுனி வரை போயிருக்க வேண்டும். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் இருந்து, நீலமும் பழுப்பும் வெட்டி விடப்பட்டிருந்தால் அந்தக் கேபிளில் 100-க்கு மேல் போகவே போகாது. அவசரத்தில் கிரிம்ப் செய்யும்போது, அதாவது பிளக்கை வயரில் அழுத்திப் பொருத்தும்போது, இப்படி நடக்கிறது. புதுப் பிளக் போட்டு 8 வயரையும் அடிக்கச் சொன்னால் முடிந்தது. இதற்காக 4,000 ரூபாய்க்கு ரவுட்டர் வாங்கி ஏமாறாதீர்கள்.

2. வீட்டை நடந்து அளங்கள்

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றை இலவசமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோனில் இந்த எண் லேசில் கிடைக்காது. வீட்டில் வேறு யாருடைய போனையாவது வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதுள்ள பெட்டியின் வைஃபையைப் பார்த்தபடி ஒவ்வொரு அறை வாசலிலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறியுங்கள். அலகு டிபிஎம், எண் மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடுமாறாது. மைனஸ் 75-க்குக் கீழே போனால் படம் உறையும். மைனஸ் 80-இல் இணைப்பு இருப்பதாகக் காட்டும், எதுவும் திறக்காது.

2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். 2.4 சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 வேகமானது, சுவரில் சோர்ந்துவிடும்.

நம் ஊர் வீடுகளில் இந்த அளவு மிகவும் மாறுபடும். நெல்லை டவுனிலோ கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்திலோ உள்ள பழைய வீடு என்றால் திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி போல நீண்டு கிடக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்றரை அடி கனம்கூட இருக்கும். வாசலில் ரவுட்டரை வைத்தால் இரண்டு சுவருக்கு அப்பால் 5 கிகாஹெர்ட்ஸ் செத்துவிடும். இதற்கு எந்த விலை ரவுட்டரும் மருந்தில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டில் சுவர் 9 அங்குல அல்லது நாலரை அங்குலச் செங்கல்தான். அங்கே தடை மாடித் தளத்தின் கம்பியும் கான்கிரீட்டும். வளவு வீடுகளில் சிக்கல் வேறு. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறேழு குடும்பம், ஆறேழு ரவுட்டர், எல்லாம் ஒரே சேனலில், அதாவது அலைவரிசைக்குள் உள்ள ஒரே தடத்தில், மோதும். அங்கே 2.4-ஐ நம்பாமல் 5 கிகாஹெர்ட்ஸ் நன்றாக வேலை செய்யும் ரவுட்டரை எடுக்க வேண்டும்.

அளந்தபின் பெட்டியை இடம் மாற்றி மீண்டும் ஒரு முறை அளங்கள். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி இவற்றின் பின்னால் இருந்தால் வெளியே எடுங்கள். தரையிலிருந்து 5, 6 அடி உயரத்தில், வீட்டின் நடுப்பகுதியை நோக்கி வையுங்கள். இது மட்டுமே மைனஸ் 78-ஐ மைனஸ் 68 ஆக்கிவிடுவது உண்டு.

3. நெட் கொடுப்பவரிடம் கேளுங்கள்

ரவுட்டர் வாங்கியபின் கேட்டால் காலம் கடந்துவிடும். இணைப்பு கொடுக்க ஆள் வீட்டுக்கு வந்திருக்கும்போதே இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஓஎன்டி பெட்டி யாருடையது? வாடகையா, டெபாசிட்டா, திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா? டெபாசிட்டுக்கு ரசீது கண்டிப்பாக வாங்குங்கள். வாய்ச்சொல் இரண்டு வருடம் கழித்து நிற்காது.

பெட்டியிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உண்டா? 2.4 மட்டும் உள்ள பெட்டியைக் கொடுத்துவிட்டு 100 எம்பிபிஎஸ் திட்டத்தை விற்பது நடக்கிறது. வைஃபையில் 30, 40 தான் வரும். இரட்டை அலைவரிசைப் பெட்டி கேளுங்கள். அது கிடைத்து, வீடும் சிறியதென்றால் தனி ரவுட்டரே தேவைப்படாது.

இணைப்பு பிபிபிஓஇ முறையா, அதாவது யூசர் நேமும் பாஸ்வேர்டும் போட்டால்தான் நெட் வருமா? ஆம் என்றால் யூசர் நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் (நிறுவனம் தன் நெட்டைத் தனித்துப் பிரிக்க வைக்கும் எண்) மூன்றும் வேண்டும். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார், நாங்களே போட்டுருவோம்" என்பார்கள். மரியாதையாக, விடாமல் கேளுங்கள். ரவுட்டரை ஒரு நாள் ரீசெட் செய்ய நேர்ந்தால், ஆள் வரும் வரை வீடு நெட் இல்லாமல் கிடக்கும்.

மேக் எண்ணை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, கட்டி வைத்திருக்கிறார்களா? கேபிள் வழியாக நெட் கொடுக்கும் சில உள்ளூர்க்காரர்கள் முதலில் மாட்டிய கருவியின் மேக் எண்ணுக்கு மட்டுமே நெட் விடுவார்கள். புது ரவுட்டர் மாட்டியதும் நெட் வராததற்கு அடிக்கடி இதுதான் காரணம். அவர்கள் அலுவலகத்தில் பழைய எண்ணை அழிக்கச் சொல்ல வேண்டும், அல்லது ரவுட்டர் அமைப்பில் மேக் குளோன் செய்து பழைய கருவியின் எண்ணையே போட வேண்டும்.

பெட்டியில் தரைவழித் தொலைபேசியும் செருகியிருந்தால் பெட்டியைக் கழற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். புது ரவுட்டரை அதன் பின்னால் சேர்ப்பதே வழி.

4. ரவுட்டர் அட்டைப்பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள்

முன்புறத்தில் பெரிய எழுத்தில் உள்ளதெல்லாம் விளம்பரம். பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ளதே சரக்கு.

முதலில் போர்ட். 10/100 என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். 10/100/1000 அல்லது கிகாபிட் என்று இருக்க வேண்டும், அதுவும் நெட் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட், கருவிகளுக்குப் போகும் லேன் (LAN) போர்ட் இரண்டுக்கும். ஏசி 1200 (ஏசி என்றால் வைஃபை 5 வகை) என்று பளிச்சென அச்சிட்டு, உள்ளே 100 எம்பிபிஎஸ் போர்ட் வைத்த மாடல்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் வாசல் 100-இல் அடைபட்டிருக்கும். படி 1-இல் சொன்ன 94 இங்கேயும் வரும்.

அடுத்து அந்தப் பெரிய எண். ஏசி 1200 என்பது 2.4-இல் 300, 5-இல் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளியது. ஏஎக்ஸ் 1500 (ஏஎக்ஸ் என்றால் வைஃபை 6 வகை) என்பது 300-ம் 1201-ம். ஏஎக்ஸ் 3000 என்பது 574-ம் 2402-ம். ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும். அதனால் கூட்டுத்தொகை யாருக்கும் கிடைக்காது. 5-இன் எண்ணில் பாதிக்குச் சற்று மேல், அதே அறையில் கிடைத்தால் நல்ல ரவுட்டர்.

என் கணிப்பு இது. திட்டம் 100 எம்பிபிஎஸ் வரை, நாலைந்து கருவிகள் என்றால் கிகாபிட் போர்ட் உள்ள ஏசி 1200 போதும். 200, 300 திட்டம், டிவி, கேமரா, போன்கள் என்று பத்துப் பதினைந்து கருவி இருந்தால் வைஃபை 6 உள்ள ஏஎக்ஸ் 1500 அல்லது 1800. வைஃபை 7 பெட்டிக்கு இப்போது பணம் போடத் தேவையில்லை. நம் திட்டங்களின் வேகத்துக்கு அது கொடுக்கும் கூடுதல் பலன் கண்ணுக்குத் தெரியாது.

ஆண்டெனா எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். எவ்வளவு சக்தியில் அலை வீசலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. தவிர, ரவுட்டர் கத்தினால் மட்டும் போதாது, உங்கள் போன் திரும்பப் பேசுவதும் ரவுட்டர் காதில் விழ வேண்டும். போனின் குரல் சிறியது. தூரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

இவற்றை வாங்கிவிட்டுத் தலையில் கை வைக்காதீர்கள்: டிஎஸ்எல் மோடம் ரவுட்டர், அதாவது தொலைபேசி வயர் செருகும் சிறிய துளை உள்ள பழைய சரக்கு, ஃபைபருக்கு ஆகாது. ஃபைபரை நேரடியாகச் செருகும் எக்ஸ்பான் ரவுட்டர் என்று ஆன்லைனில் விற்பதை வாங்கினால், அதன் சீரியல் எண்ணை நெட் நிறுவனம் தன் பக்கம் பதிந்தால்தான் வேலை செய்யும். பல நிறுவனங்கள் பதிய மறுக்கும். ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பழைய ரவுட்டர் பாதி விலைக்குக் கிடைத்தால், அது வேறு நிறுவன நெட்டில் ஓடாதபடி பூட்டப்பட்டிருக்கலாம்.

ஒரே மாடல் பெயரில் வெர்ஷன் 2, வெர்ஷன் 4 என்று உள்ளுறுப்பு மாறி வரும். இணையத்தில் படித்த பாராட்டு எந்த வெர்ஷனுக்கு என்று பார்த்து, பெட்டி ஸ்டிக்கரில் அதே எண்ணைத் தேடுங்கள். டபிள்யூபிஏ 3 பாதுகாப்பு உண்டா என்பதையும் அதே ஸ்டிக்கர் பக்கத்தில் பார்த்துவிடலாம்.

5. ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா

படி 2-இல் எழுதிய தாளை எடுங்கள். நல்ல இடத்தில் வைத்த பிறகும் ஒரு அறையில் மைனஸ் 75-க்குக் கீழே என்றால், விலை கூடிய ஒரு ரவுட்டரைவிடச் சாதாரண ரவுட்டர் இரண்டும் நடுவே ஒரு கேபிளும் மேல். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

சுவரில் செருகும் 1,200 ரூபாய் ரிப்பீட்டர் அலையை வாங்கி அதே அலையில் திருப்பி வீசுவதால் வேகம் பாதியாகும். மெஷ் என்று, ஒரே வைஃபையைச் சேர்ந்து பரப்பும் ஜோடிப் பெட்டிகளாக விற்பதும் கேபிள் இல்லாமல் பேசிக்கொண்டால், ஒன்றரை அடிக் காரைச் சுவர் முன்னால் அதே கதிதான். மெஷ் வாங்கினாலும் லேன் போர்ட் உள்ளதாகப் பார்த்துக் கேபிளில் இணையுங்கள்.

கேபிள் விஷயத்தில் கவனம் வேண்டும். கேட் 6, முழுச் செம்பு என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது பாதி விலைக்கு வரும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடையிலேயே ஒரு வயர் நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம், அது கிரிம்ப் செய்த இடத்தில் நாளடைவில் ஒடியும். நல்ல கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 20 முதல் 30 ரூபாய். 20 மீட்டர் போதும் பெரும்பாலான வீடுகளுக்கு.

பழைய சுவரில் துளை போட நீண்ட டிரில் பிட் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். 10 மில்லிமீட்டர் துளை போதும், ஆனால் பிளக் மாட்டாத கேபிளை நுழைத்துவிட்டுப் பிறகு கிரிம்ப் செய்ய வேண்டும். பிளக்குடன் நுழைக்க நினைத்தால் துளை பெரிதாகிச் சுண்ணாம்புக் காரை உதிரும். கேபிளைக் கரண்ட் வயர் போகும் குழாயிலேயே சேர்த்து விடாதீர்கள், தனிக் குழாய் போடுங்கள்.

வெளியே திறந்தவெளியில், தட்டட்டியிலிருந்து (மொட்டை மாடியிலிருந்து) அடுத்த வீட்டுக்கு லேன் கேபிளை இழுக்கக் கூடாது. சித்திரை, வைகாசிக் கோடைமழை இடியிலும் ஐப்பசி மழையிலும் அந்த வயர் வழியாக மின்னல் தாக்கம் உள்ளே வந்து இரண்டு முனைக் கருவிகளையும் எரிக்கும். அடுத்த கட்டடத்துக்கு ஃபைபர்தான்.

6. கரண்ட், சூடு

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாளில் நெட் வேண்டுமென்றால் மினி யுபிஎஸ் வாங்கலாம். முதலில் ஓஎன்டி, ரவுட்டர் இரண்டின் அடாப்டர் ஸ்டிக்கரையும் படியுங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர், 12 வோல்ட் 1.5 ஆம்பியர், 9 வோல்ட் என்று மாறும். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் எரிந்துபோகலாம். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, வோல்ட் மாறக் கூடாது. பின்னின் விட்டமும் ஒத்துப்போக வேண்டும்.

எவ்வளவு நேரம் வரும் என்பதை விளம்பரத்தில் பார்க்காமல் கணக்குப் போடுங்கள். 2,000 எம்ஏஎச் செல் மூன்று இருந்தால் 3 × 2 × 3.7, அதாவது சுமார் 22 வாட்-மணி. இழப்பு போகக் கையில் 18. ஓஎன்டி 6 வாட், ரவுட்டர் 8 வாட் என்றால் சேர்த்து 14. ஒன்றேகால் மணி நேரம். "4 மணி நேரம்" என்று அட்டையில் இருப்பது ஓஎன்டி மட்டும் மாட்டினால் கிடைப்பதை ஒட்டிய பேச்சு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், ஓஎன்டி செருகிய பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், மினி யுபிஎஸ் வேண்டாம்.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கே வடிவமைக்கப்பட்டவை. பாளையங்கோட்டை மே மாத மதியத்தில் மூடிய அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸ் மேல் வைத்தால் அந்த அளவு தாண்டிவிடும். மதியம் மட்டும் நெட் விட்டு விட்டு வந்தால் முதலில் கையை வைத்துச் சூடு பாருங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் ஜன்னலோரம் வைக்காதீர்கள், உப்புக்காற்று போர்ட்டின் உலோகத்தை அரிக்கும்.

7. செலவும் பில்லும்

விலை மாறிக்கொண்டே இருக்கும், தோராயம் மட்டும் சொல்கிறேன். கிகாபிட் ஏசி 1200 சுமார் 2,000 முதல் 2,500. ஏஎக்ஸ் 1500, 1800 சுமார் 2,500 முதல் 4,000. ஏஎக்ஸ் 3000 சுமார் 4,500-க்கு மேல். மினி யுபிஎஸ் 1,000 முதல் 1,800. கேபிள், குழாய், கூலி சேர்த்து 1,000 முதல் 1,500. பழைய நீளமான வீட்டுக்கு 5,000 ரூபாய் ஒரே ரவுட்டருக்குப் பதில், 2,000-த்தில் இரண்டும் மீதிக்குக் கேபிளும் என்ற கணக்கே சரி.

பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருக்க வேண்டும், சீரியல் எண் எழுதியிருக்க வேண்டும். சீரியல் எண் இல்லாத பில்லில் வாரன்டி கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாரன்டி 1 வருடமா 3 வருடமா, அடாப்டருக்கும் சேர்த்தா, சர்வீஸ் சென்டர் நெல்லையிலேயே உண்டா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பணம் திரும்புமா, மாற்றிக் கொடுப்பது மட்டுமா என்று ஆர்டர் போடும் முன்பே படியுங்கள்.

8. மாட்டும் நாள்

ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து ரவுட்டரின் வேன் போர்ட்டுக்குக் கேபிள். இப்போது இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்தால் நெட் வராது. எளிய வழி, ரவுட்டரை வைஃபை மட்டும் வீசும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவது. முகவரி கொடுக்கும் வேலையை ஓஎன்டி பார்த்துக்கொள்ளும். ரவுட்டரின் பெற்றோர் கட்டுப்பாடு போன்ற வசதிகள் வேண்டுமென்றால் ஓஎன்டியை, நெட்டை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி, படி 3-இல் வாங்கிய யூசர் நேமை ரவுட்டரில் போடுங்கள்.

2.4-க்குச் சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்து, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 5-க்கு 36 அல்லது 149. நடுவில் உள்ள 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள், சில டிவிகளுக்கு அவை தெரியாது. கேமராவும் ஸ்மார்ட் பல்பும் பெரும்பாலும் 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். அவை சேரவில்லை என்றால் இரண்டு அலைவரிசைக்கும் தனிப்பெயர் கொடுங்கள். டபிள்யூபிஎஸ் என்ற, பொத்தானை அழுத்திக் கருவியைச் சேர்க்கும் வசதியை அணையுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதை மாற்றாமல் விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. ஃபர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) அப்டேட்டையும் அன்றே போட்டுவிடுங்கள்.

ஓஎன்டியின் சொந்த வைஃபையை அணைக்க மறக்காதீர்கள். மறந்தால் போன் பழக்கதோஷத்தில் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு நிற்கும், புது ரவுட்டர் மேல் பழி விழும்.

பழைய தாளை எடுத்து அதே அறை வாசல்களில் மீண்டும் நின்று அளங்கள். ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், அதாவது முதல் வாரத்திலேயே, ஒரு காலையும் ஓர் இரவும் இப்படி அளங்கள். எண் தேறவில்லை என்றால் அட்டைப்பெட்டி, அடாப்டர், கேபிள், பில் எல்லாம் அப்படியே இருக்கும்போதே திருப்பி அனுப்புங்கள். அதுவரை பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்.